பத்து மில்லிமீட்டர்

புதுச்சேரியில் இந்திரா காந்தி சிலையைத் தாண்டி விழுப்புரம் சாலையில் போனால் ரெட்டியார்பாளையம். அங்கே சாலையை ஒட்டி ஒரு டயர் கடை. ஐப்பசி பிறந்துவிட்டால் அந்தக் கடையில் யாரும் நேரத்துக்குச் சாப்பிடுவதில்லை. தீபாவளிக்கு ஊர் போகிறவர்கள் ஒரு பக்கம், மழைக்கு முன்னால் மொட்டை டயரை மாற்றிவிட வேண்டும் என்று வருகிறவர்கள் இன்னொரு பக்கம். 2024 நவம்பர் 30 அன்று இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்ததே, அந்தப் பேச்சு வராமல் இங்கே ஒரு டயரும் விற்பனையாவதில்லை.

சுவரோரம் ஒரு பெஞ்ச். அதற்கு எதிரே கூரை வரைக்கும் டயர் அடுக்கு. புதுச்சேரியிலேயே ஏரிப்பாக்கத்தில் ஆலை வைத்திருக்கும் எம்.ஆர்.எஃப். கண்மட்டத்தில் இருக்கிறது. மற்ற கம்பெனிகள் மேலேயும் கீழேயும். புது ரப்பர் வாசனையும் சோப்புத் தண்ணீர் வாசனையும் கலந்து வருகிறது.

ஒரு வெள்ளை ஸ்விஃப்ட் வந்து நின்றது. பி.ஒய். 01 எண். சக்கரங்கள் மட்டும் வண்டியைவிட வயதில் இளையவை: கறுப்பும் சாம்பலும் கலந்த அலாய், அதில் 205 அகல டயர். மட்கார்டை விட்டு ரப்பர் கொஞ்சம் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது. இறங்கியவர்கள் இருவர். இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க பையன், அவனுடைய தாய்மாமன். மாமாவுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய ‘சொல்தா’. இந்த ஊரில் அவர்களைச் சட்டையின் இஸ்திரி மடிப்பிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

“அண்ணே, நாலும் மாத்தணும். 205 வேணாம். பழைய அளவு, 185 போட்டுடுங்க” என்றான் பையன். குரலில் அவ்வளவாக விருப்பம் இல்லை. முடிவு மாமாவுடையது.

கடைக்காரர் பதில் சொல்லவில்லை. குந்தி உட்கார்ந்து மட்கார்டுக்குள் கையை விட்டுத் துழாவினார். “ஸ்டியரிங்கை முழுசா ஒடிப்பா” என்றார். உள்ளே பிளாஸ்டிக்கில் விரல் அகலத்துக்கு ஒரு கோடு, பாலிஷ் போட்டதுபோல் மினுங்கியது.

“பின்னாடி மூணு பேர் ஏறுனா உரசுதா?”

“ஆமாண்ணே. ஸ்பீட் பிரேக்கர்ல சர்ருங்குது.”

“செகண்ட்ஸ்ல எடுத்த வண்டியா?”

“வாங்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு.”

“கெத்தா இருக்குன்னுதான் வாங்குனான்” என்றார் மாமா.

இதே காருக்குக் கம்பெனி இரண்டு அளவு கொடுக்கிறது. விலை குறைந்த மாடலில் இரும்பு டிஸ்க், 165/80 ஆர் 14. உயர்ந்த மாடலில் அலாய், 185/65 ஆர் 15. அகலத்தில் 20 மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தும் இரண்டும் நின்றால் உயரம் ஏறத்தாழ ஒன்றுதான், 620 மில்லிமீட்டர். ஆக, குறுகலான டயரில் ஓடக் கூடாத வண்டி இல்லை இது. மாமாவின் பக்கம் நியாயம் இருப்பதாகத்தான் அதுவரை தோன்றியது.

ஏர் கன் நான்கு முறை சத்தம் போட்டது. கழற்றிய சக்கரத்தை, கடையில் வேலை செய்யும் ஒடிசாக்காரப் பையன் முகம் கீழே இருக்கும்படி சாய்த்தான். கடைக்காரர் அழுக்குத் துணியால் அதன் முதுகைத் துடைத்தார். பிரேக் தூசி போனதும் வார்ப்பில் எழுத்து தெரிந்தது: 15 × 7 ஜே. அதன் மேல் விரலை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

“இதுல 185 வேணாம் தம்பி.”

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். 15 என்பது ரிம்மின் விட்டம். 7 என்பது டயர் உட்காரும் இரண்டு விளிம்புக்கும் நடுவே உள்ள அகலம், அங்குலக் கணக்கில். ஜே என்பது விளிம்பின் வடிவம். 185/65 ஆர் 15 டயருக்கு அனுமதித்த ரிம் அகலம் 5 அங்குலத்திலிருந்து 6.5 வரைதான். முன்பு வண்டியை வைத்திருந்தவர் அகல டயருக்காக அகல ரிம் வாங்கிப் போட்டிருக்கிறார். இப்போது டயரை மட்டும் பழைய அளவுக்குக் கொண்டுபோக ரிம் விடவில்லை.

“வேற ஒரு கடைல போட்டுத் தரேன்னாங்களே?” என்றான் பையன்.

“போடலாம். நானே போடலாம். காத்து அடிச்சா டப்புனு உட்கார்ந்துடும், பில்லும் போட்டுடுவேன். ஆனா சைடு வால் ரெண்டு பக்கமும் இழுத்துக்கினு நிக்கும். ரிம்மோட உதடு டயரைவிட வெளிய வந்துடும். ஒரு பள்ளம், ஒரு பிளாட்பாரக் கல்லு… மொத அடி அலாய்க்குத்தான். வளைவுல வேகமா ஒடிச்சா, ரிம்மைக் கவ்விக்கினு இருக்கிற பீடு விட்டுக்கொடுத்தாலும் கொடுக்கும்.”

“உரசுறது?”

“அதுக்கு டயர் மட்டும் காரணம் இல்ல. இந்த ரிம்மே கம்பெனி ரிம்மைவிட வெளிய தள்ளி நிக்குது.”

மாமா தலையாட்டினார். “பிரான்சுல ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கோந்த்ரோல் தெக்னிக்னு வண்டிச் சோதனைக்குப் போகணும். வண்டிக்குச் சம்பந்தமில்லாத அளவு மாட்டியிருந்தா சரிபண்ணிட்டு வான்னு திருப்பி அனுப்பிடுவான்.” பிறகு தனக்குத்தானே பேசுவதுபோல, “என் மொத வண்டி தெ ஷெவோ. இத்தனூண்டு டயர்” என்று இரண்டு விரலை விரித்துக் காட்டினார். 1948-இல் பாரிஸ் கண்காட்சியில் சிட்ரோயன் காட்டிய அந்த எளிய காருக்கு டயர் அகலம் 125 மில்லிமீட்டர்தான். விவசாயி முட்டைக்கூடையோடு உழுத வயலைக் கடக்க வேண்டும் என்று செய்த வண்டி. 2013-இல் பி.எம்.டபிள்யூ. தன் ஐ3 மின்சாரக் காருக்கும் உயரமான, ஒடுங்கிய டயரையே தேர்ந்தெடுத்தது: 19 அங்குல ரிம்மில் 155 அகலம். ஒடுங்கிய டயர் காற்றைக் குறைவாகத் தடுக்கும். உருள்வதற்குச் சக்தி குறைவாகக் கேட்கும். தேங்கிய தண்ணீரில் அகல டயர் மிதக்கப் பார்க்கும்போது அது தண்ணீரை ஒதுக்கித் தரையைத் தொடும். காய்ந்த சாலையில், வேகமான வளைவில் பிடிமானம் சற்றுக் குறையும். ஆனால் அந்த இரண்டு வண்டிகளிலும் ரிம்மும் டயரும் ஒன்றுக்கொன்று என்று பிறந்தவை.

“அப்ப என்னதான் பண்றது?” என்றார் மாமா.

“ரெண்டு வழி. அலாயை வெச்சுக்கணும்னா 195/60. அதுக்கு 7 வரைக்கும் ரிம் ஒத்துக்கும். இல்ல, அலாயைக் கொடுத்துட்டு கம்பெனி அளவு ரிம் வாங்கிக்குங்க, 185/65 தாராளமாப் போடலாம்.”

மாமா மேசையிலிருந்த பழைய பில்லைத் திருப்பிப் போட்டுக் கணக்கு எழுதினார். 7 என்ற எண்ணுக்கு நடுவில் குறுக்குக் கோடு. தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி. 185-இல் 65 சதவீதம் 120,25, இரண்டு மடங்கு, ரிம்மின் 381-ஐக் கூட்டினால் 621,5. அடுத்த வரியில் 195-இல் 60 சதவீதம் 117, இரண்டு மடங்கு 234, கூட்டினால் 615. இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சதவீதம். மீட்டர் 100 காட்டும்போது வண்டி 99-இல் போகும், அவ்வளவுதான்.

பையன் கணக்கைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த அலாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமா ஏதாவது சொல்வார் என்று கடைக்காரரும் காத்திருந்தார். மாமா பேனாவை மூடிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.

“195 போடுங்கண்ணே” என்றான் பையன்.

அடுக்கிலிருந்து நான்கு டயர் இறங்கியது. மாமா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பக்கவாட்டைப் படித்தார். 88 என்ற எண்: ஒரு டயர் 560 கிலோ தாங்கும், கம்பெனி அளவுக்கும் அதே தாங்குதிறன். பிறகு முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்கள், தயாரான வாரமும் ஆண்டும். ஒரு டயர் மட்டும் மற்ற மூன்றைவிட ஓராண்டு பழையது. ஒன்றும் சொல்லாமல் அதைத் தனியே உருட்டி வைத்தார். கடைக்காரரும் ஒன்றும் சொல்லாமல் வேறொன்றை எடுத்துக் கொடுத்தார்.

இயந்திரத்தின் கை பழைய டயரை ரிம்மிலிருந்து நெம்பியது. விளிம்பு முழுக்கச் சோப்புத் தண்ணீர். காற்று ஏறியதும் ‘டப்’, ஒரு நொடி கழித்து இன்னொரு ‘டப்’. இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிட்டது. பேலன்சிங் இயந்திரத்தில் சக்கரம் சுற்றி நின்றது. உள்பக்கம் 25, வெளிப்பக்கம் 10 என்று கிராம் கணக்கு வந்தது. ஒடிசாக்காரப் பையன் ஈயப் பட்டையைக் கிள்ளி, காகிதத்தை உரித்து, ஆரத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து ஒட்டினான். அலாய்க்காரர்களின் மனசு அவனுக்குத் தெரியும்.

வண்டியை இறக்கினார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூன்று பேரைக் கடைக்காரர் பின் சீட்டில் ஏறச் சொன்னார். கேள்வி கேட்காமல் ஏறினார்கள். எதிர்ச் சந்தில் இருக்கும் வேகத்தடையில் இரண்டு முறை ஏறி இறங்கி, முழு வளைவு ஒடித்துத் திரும்பி வந்தது வண்டி. உரசவில்லை. பையன் ஐந்தடி தள்ளி நின்று பார்த்தான். பத்து மில்லிமீட்டர் குறைந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. அவன் முகத்தில் இருந்த இறுக்கமும் குறைந்திருந்தது. மாமா பணம் கொடுத்துவிட்டு, கணக்கு எழுதிய பில்லை மடித்து டாஷ்போர்டில் வைத்தார்.

டயர் மாற்றக் கிளம்புகிறவர்கள் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவையும் ரிம்மின் முதுகில் வார்த்திருக்கும் எண்ணையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். ரிம் இடம் கொடுக்கும் அளவுக்குத்தான் டயரைக் குறைக்க முடியும். அதற்கும் கீழே போக வேண்டுமென்றால் முதலில் மாற்ற வேண்டியது ரிம்மை.