பெரியப்பாவின் ஸ்டாம்பும் நான் எழுதின ஒத்தை வரியும்

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மியா இருந்த ஒரு டிசம்பர் மாசம். திருச்சியில இருந்து பெரியப்பா போன் பண்ணார். "ஏண்டா, நம்ம ஸ்டாம்ப் பத்திரிகையை இந்தப் பலகையில ஒழுங்காத் தெரியற மாதிரி பண்ணித் தரமுடியுமா? படிக்கறதுக்குள்ள விரல் தேஞ்சு போகுது." பலகைன்னு அவர் சொன்னது ஐபேடை. சிங்கப்பூர்ல இருக்கற அண்ணன் வாங்கிக் கொடுத்தது.

பத்திரிகைன்னா ஏதோ பெரிய சமாச்சாரம்னு நெனச்சுடாதீங்க. தபால்தலை சேர்க்கற நாலஞ்சு பெருசுங்க கைக்காசைப் போட்டு நடத்தறது. தமிழும் இங்கிலீஷும் கலந்து வரும். அச்சுல வந்த கட்டுரைகளை எல்லாம் யாரோ ஒரு புண்ணியவான் வருஷக்கணக்கா இணையத்துல ஏத்தி வெச்சிருந்தார். வாசகர்கள் முக்கால்வாசி அறுபதைத் தாண்டினவங்க. வீட்டுக்கு வீடு பிள்ளைங்க வாங்கிக் கொடுத்த டேப்லெட் ஒண்ணு இருக்கு. ரெண்டு நாள் வேலைதானேன்னு ஒத்துக்கிட்டேன். (என் டேமேஜர்கிட்ட எஸ்டிமேட் கொடுக்கறப்பவும் இதே தப்பைத்தான் பண்றேன்.)

உள்ள போய்ப் பார்த்தா அகழ்வாராய்ச்சி. மொத்தப் பக்கமும் டேபிளுக்குள்ள டேபிள், அகலம் 960 பிக்சல்னு ஆணி அடிச்ச மாதிரி. ஸ்டாம்போட பின்பக்கம் பார்க்கணும்னா மவுஸை மேல கொண்டுபோகணும். விரலுக்கு ஏது மேல கொண்டுபோறது? தொட்டா தொட்டதுதான். பழைய தமிழ்க் கட்டுரைகள் சிலது டிஸ்கியில (டிஸ்க்ளெய்மர் இல்லீங்கண்ணா, தமிழ் எழுத்துக்கு அந்தக்காலத்துல இருந்த எட்டு பிட் குறியாக்கம்). அதுல 'கொ'ன்னா கொம்பு முதல்ல, க அப்புறம், கால் கடைசியில. கண்ணுக்குத் தெரியற வரிசை. யூனிகோடுக்கு மாத்தறப்ப திருப்பி அடுக்கணும். அதுக்கே ஒரு வாரம் ஓடிப்போச்சு.

டேப்லெட்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுங்கறதுல முதல் பல்பு. பிரவுசர் தன் பேரா என்ன சொல்லுதுன்னு பார்த்து, 'ஐபேட்'னு இருந்தா புது வடிவம்னு எழுதினேன். 2019-ல ஐபேட்ஓஎஸ் 13 வந்ததுல இருந்து ஐபேட் சஃபாரி வழக்கமா தன்னை மேக்குன்னுதான் அறிமுகப்படுத்திக்கும். அத்தனை பேருக்கும் பழைய பக்கமே போச்சு. சரி, பேரைக் கேக்கவே வேணாம், அகலத்தை மட்டும் பார்ப்போம்னு முழுக்க ரெஸ்பான்சிவா மாத்தினேன். படத்துக்கு ஒத்தை வரி: எந்தப் படமா இருந்தாலும் பத்தியோட அகலத்தைத் தாண்டக்கூடாது. போட்ட உடனே எல்லாப் பக்கமும் சும்மா கும்முனு வந்து நின்னுச்சு. எனக்கே என்மேல மரியாதை வந்துடுச்சு.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். ஸ்டாம்போட ஓரத்துல பல்லு பல்லா இருக்கில்லையா, அதுக்குக் கணக்கு உண்டு. ரெண்டு சென்டிமீட்டருக்குள்ள எத்தனை துளை வருதோ அதுதான் அந்த ஸ்டாம்போட பெர்ஃபரேஷன். 1866-ல லெக்ராண்ட்னு ஒரு பிரெஞ்சு டாக்டர் ஆரம்பிச்சு வெச்ச முறை. ஒரே படம், ஒரே விலை, ஆனா ஒண்ணு 14, இன்னொண்ணு 13-னா ரெண்டும் வேற வேற. சில சமயம் மதிப்பே மாறிடும். நான் ஆறாவது படிக்கறப்ப பெரியப்பா இதை அளக்கச் சொல்லிக் கொடுத்தார். அளவுகோல் அட்டையில வரிசையா புள்ளி இருக்கும், ஸ்டாம்பை நகர்த்திக்கிட்டே போய் எந்த வரிசையில பல்லும் புள்ளியும் பொருந்துதோ அந்த நம்பர். கணக்கு வாத்தியார் வேற. அரைப் புள்ளி தள்ளி வெச்சா மண்டையில ஒரு குட்டு விழும்.

அந்த அளவுகோல் பத்திரிகையில ஒரு கட்டுரைக்குள்ள படமா இருந்துச்சு. அச்சுல சரியான அளவு. நட்டமா நிக்கற மானிட்டர்ல யாரும் ஸ்டாம்பை ஒட்டிப் பார்க்கப் போறதில்லை. ஆனா டேப்லெட்? மேஜையில படுக்க வைக்கலாம், அடியில இருந்து வெளிச்சம் வேற. பெரியப்பாவுக்குக் கொண்டாட்டம். 1957-ல நயா பைசா வந்தப்ப வெளியான இந்திய வரைபட ஸ்டாம்புல முதல்ல நட்சத்திர வாட்டர்மார்க், அப்புறம் வந்ததுல அசோகத் தூண். அதையே வெள்ளைத் திரை மேல வெச்சுத்தான் பார்ப்பாராம். அளவுகோலை விடுவாரா?

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். மனுஷன் வாசல்லயே உக்காந்திருந்தார். ஆல்பம் பீரோவுக்குள்ள. "தொடறதே இல்லடா"ன்னு பெரியம்மா சமையல்கட்டுல கிசுகிசுத்தாங்க. கேட்டலாக்ல 14-னு இருக்கற ஒரு ஸ்டாம்பை ஐபேட்ல வெச்சு அளந்திருக்கார். பதிமூணே சொச்சம் வந்திருக்கு. யாருமே பதிவு பண்ணாத ரகம் தன்கிட்ட இருக்குன்னு மதுரையில இருக்கற நண்பருக்கு லெட்டர் போட்டுட்டார். அவர் வந்தார், தன் உலோக அளவுகோலை வெச்சார், 14-னார், சிரிச்சார். "வயசாயிடுச்சு ஓய், பேசாம பேரனுக்குக் கொடுத்துடும்."

நான் போய்ப் பக்கத்துல உக்காந்தேன். "கண்ணு போச்சுடா எனக்கு"ன்னார். "மறுநாள் நிக்க வெச்ச மாதிரி திருப்பி வெச்சுப் பார்த்தேன். பத்து வருது. பதிமூணு, பத்து, பதினாலுன்னு ஒரே ஸ்டாம்பு."

படுக்கப் போட்டா பதிமூணே சொச்சம், நிக்க வெச்சா பத்து. திரையோட நீள அகல விகிதம் நாலுக்கு மூணு. எனக்கு வயித்தைப் புரட்டிடுச்சு. அந்த ஒத்தை வரிதான். பத்தி சுருங்கினா அளவுகோலும் சுருங்குது. அவர் கண்ணு கனகச்சிதமா பார்த்திருக்கு. திரை சொன்னதை நம்பினார், தன்னைச் சந்தேகப்பட்டுட்டார்.

"பெரியப்பா, தப்பு என்னுது." காகிதத்துல கணக்கு போட்டுக் காட்டினேன். ரெண்டு தடவை சரிபார்த்தார். ஒண்ணும் சொல்லலை, பேனாவை வாங்கி என் கூட்டல்ல ஒரு தப்பைத் திருத்தினார்.

அளவை நேரா சென்டிமீட்டர்ல எழுதிட்டாப் போதாதான்னு நீங்க கேக்கலாம். நானும் நெனச்சேன். சிஎஸ்எஸ்ல ஒரு இன்ச்சுன்னா 96 பிக்சல், அவ்வளவுதான். ஐபேட் திரையில நிஜ இன்ச்சுக்கு 264 பிக்சல், ரெண்டு ரெண்டா சேர்த்து எண்றதால 132. ஆக 2 செ.மீ.ன்னு எழுதினா வர்றது பதினாலரை மி.மீ. மினியில பன்னெண்டு கூட தேறாது. திரை எத்தனை பெருசுன்னு பிரவுசருக்குத் தெரியாது, சொல்லவும் மாட்டேங்குது.

அப்புறம் பர்ஸுல இருந்தது வழி. ஏடிஎம் கார்டு. எந்த பேங்க்கா இருந்தாலும் 85.6 மி.மீ.க்கு 53.98, உலகம் பூரா ஒரே அளவு. பான் கார்டும் அதேதான். இப்ப அந்தப் பக்கத்தைத் திறந்தா அளவுகோல் வராது, ஒரு கட்டம்தான் வரும். கார்டை அதுமேல வெச்சு, ஓரம் பொருந்தற வரைக்கும் இழுக்கணும். பொருந்தினாத்தான் அளவுகோல். விரலால பெருசு பண்ணா உடனே மறைஞ்சுடும். நாலு நாள் கழிச்சுத் திறந்தாலும் மறுபடி கார்டைக் கேக்கும். பழைய அளவை நம்பறதுக்கு எனக்கு தைரியம் இல்லை.

லீவு முடிய ஒரு நாள் இருக்கறப்ப முடிச்சேன். பெரியப்பா பீரோவைத் திறந்து அதே ஸ்டாம்பை இடுக்கியால எடுத்து வெச்சார். குனிஞ்சார். பதினாலு. திரையைத் திருப்பினார். பதினாலு.

"மதுரைக்குப் போன் போடு. நீயே சொல்லு."

சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "என்கிட்ட இருக்கறது சின்னது தம்பி, அதுல வருமா?"ன்னார். வரும் சார்னேன். "அவன்கிட்ட கொடுங்க." பெரியப்பா வாங்கலை. "அப்புறம் பேசறேன்னு சொல்லு"ன்னுட்டு ஆல்பத்துல அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.