தலை தீபாவளிக்கு வெடி கிடையாது!

எங்கள் காலனியில் தீபாவளிக்கு இன்னொரு பெயர் உண்டு. யுத்த காலம். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம்தான் வெடிக்கலாம் என்று தமிழ்நாட்டில் 2018-லிருந்து நேரம் குறித்து வைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் கடிகாரம் இருக்கிற வீடுகள் ரொம்பக் குறைச்சல் போலிருக்கிறது. ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு அணுகுண்டு. விடியற்காலை மூன்றேகாலுக்கு ஒரு சரம். நடுவில் கிடைக்கிற மூன்றே முக்கால் மணி நேரத்தில் நாம் தூங்கிக்கொள்ள வேண்டும்.

"காதுல பஞ்சை வெச்சுக்கிட்டு ஏன் சார் அவஸ்தைப்படறீங்க? தீபாவளிக்கு எங்க ஊருக்கு வாங்க. துப்பாக்கி கேப்பு சத்தம்கூடக் கேக்காது" என்றார் ஆபீஸில் என் பக்கத்து சீட்காரர்.

"ஏன், உங்க ஊர்ல யாருக்கும் போனஸ் போடலையா?"

"அதில்லை சார். ஊர்ல பிரசவம்."

"யாருக்கு?"

"ஒருத்தருக்கா ரெண்டு பேருக்கா? கண்மாய் நிறைய!"

சரி, மனுஷனுக்கு இயர் எண்டிங் பிரஷர் அக்டோபரிலேயே ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பிறகுதான் சொன்னார். அவர் ஊர் கொள்ளுக்குடிப்பட்டி. சிவகங்கை மாவட்டம், திருப்பத்தூர் பக்கம். வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் என்று சொல்கிறார்களே, அந்தக் கண்மாய்களின் கரையிலேயே இருக்கிற ஊர்.

வீட்டில் சொன்னேன். "நீங்களும் பையனும் போயிட்டு வாங்க. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். அங்கே வெடிச் சத்தம் இருந்தாலும் சமையல் வேலை இல்லை" என்று தீர்ப்பு வந்தது.

தீபாவளிக்கு முதல் நாள் மாட்டுத்தாவணியில் பஸ் பிடித்தோம். 'பிடித்தோம்' என்பது மரியாதைக்காகச் சொன்னது. கூட்டம் எங்களைத் தூக்கி உள்ளே போட்டது. கண்டக்டர், "பட்டாசு யாராச்சும் வெச்சிருந்தா இப்பவே இறங்கிக்குங்க" என்று குரல் கொடுத்தபோது, ஏழாவது படிக்கிற என் பையன் ஏன் ஜன்னலுக்கு வெளியே அத்தனை பக்தியாகப் பார்த்தான் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

மேலூர், கீழவளவு தாண்டி, கொள்ளுக்குடிப்பட்டி விலக்கில் இறங்கினோம். பக்கத்து சீட்காரர் காத்திருந்தார். நடந்தே போனோம். இரண்டு பக்கமும் வயல். கொஞ்ச தூரம் போனதும் ஒரு வாடை. மீன் மார்க்கெட்டும் கோழிப் பண்ணையும் கூட்டு வியாபாரம் ஆரம்பித்தது போல.

"அதுதான் சார் எங்க ஊரு சென்ட்டு" என்றார்.

கரை ஏறிப் பார்த்தேன். கண்மாய்க்குள் தண்ணீரில் இடுப்பளவு நின்றுகொண்டிருந்தன நாட்டுக் கருவேல மரங்கள். மரத்தில் இலையைவிடப் பறவை அதிகமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. அலகு நடுவில் இடைவெளி விட்டு, சரியாக மூடாத பாக்குவெட்டி மாதிரி இருக்கிறதே, அது நத்தைகுத்தி நாரை. அந்த அலகை வைத்துக்கொண்டுதான் நத்தையை ஓட்டிலிருந்து லாகவமாக வெளியே இழுக்கிறது. கரண்டியை முகத்தில் மாட்டிக்கொண்டு அலைவது கரண்டிவாயன். கழுத்தை மட்டும் வெளியே நீட்டிப் பாம்பு போல நீந்துவது பாம்புத்தாரா. அதன் சிறகில் தண்ணீர் ஊறிவிடும். அதனால் குளித்தெழுந்ததும் கிளையில் உட்கார்ந்து, சலவைத் தொழிலாளி வேட்டியை விரிப்பது போல இரண்டு இறக்கையையும் விரித்துக் காயவைக்கிறது. பகலெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி டியூட்டிக்குக் கிளம்புகிற வக்கா வேறு. நம் ஆபீஸ் வாட்ச்மேனுக்கு நேர் எதிர்.

"எல்லாம் சைபீரியாவிலேருந்தா வருது?" என்றேன், விஷயம் தெரிந்தவன் போல.

"எல்லாரும் இதையேதான் சார் கேக்கறாங்க. வெளிநாட்டு வாத்து கீத்து சிலது வரும். ஆனா இங்கே கூடு கட்டுறதெல்லாம் நம்ம நாட்டுப் பறவைதான். மழை பெஞ்சு கண்மாய் நெறைஞ்சா வரும். குஞ்சு பொரிச்சு, பறக்கப் பழக்கி, மார்ச் வாக்கில கிளம்பிரும்."

1977-ல்தான் அரசாங்கம் இதைச் சரணாலயம் ஆக்கியது. வேட்டங்குடிக் கண்மாய், பெரிய கொள்ளுக்குடிக் கண்மாய், சின்னக் கொள்ளுக்குடிக் கண்மாய் என்று மொத்தம் 38.4 ஹெக்டேர். நம் கணக்கில் சுமார் 95 ஏக்கர். ஆனால் ஊர்க் கட்டுப்பாட்டுக்கு எந்த அரசாணையும் கிடையாது. ஐம்பது வருஷமாகத் தீபாவளிக்கு வெடி இல்லை. கல்யாணத்துக்கு இல்லை. கோயில் திருவிழாவுக்கு இல்லை. சாவுக்கும் இல்லை.

காரணம் சின்னதுதான். வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற நேரமும் தீபாவளியும் ஒன்றாக வருகின்றன. வந்த பறவைகளில் சிலது குச்சி பொறுக்கிக் கொண்டிருக்கும். சிலது முட்டையில் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் ஒரு வெடி வெடித்தால் தாய்ப் பறவை எழுந்து பறந்துவிடும். கூடு அனாதை.

பக்கத்து சீட்காரரின் அப்பத்தா இதை இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "வாங்கய்யா, சாப்டீகளா? புள்ளத்தாச்சிப் பொண்ணு அம்மா வீட்டுக்கு வந்திருக்கா. அவ காதுல போயி வெடி வெடிப்பீகளா?"

அதோடு விடவில்லை. "சும்மா ஒண்ணும் செய்யலை. கண்மாய்த் தண்ணியில எச்சம் விழுது. அந்தத் தண்ணி மடை வழியா வயலுக்குப் போகுது. உரக்கடைக்காரன் அதுக ரெக்கையில வந்து எறங்குறான். காசு கேக்காத கடைக்காரன்!"

செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல்காரர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். பறவைகளைச் சுடக்கூடாது என்று கலெக்டர் லயனல் பிளேஸிடம் 1798-லேயே உத்தரவு வாங்கி வைத்தார்கள். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் வீட்டுக் கொல்லை மரத்திலேயே நாரை கூடு கட்டுகிறது. அங்கேயும் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1994-ல் அது சரணாலயம் ஆனது.

எல்லாம் சுபமாக இருந்தது, சாயங்காலம் வரைக்கும்.

சாயங்காலம் வீட்டு மாப்பிள்ளை வந்தார். பக்கத்து சீட்காரரின் தங்கையைக் கட்டியவர். விருதுநகர்ப் பக்கம். தலை தீபாவளி. புல்லட்டில் முன்னால் ஒரு அட்டைப் பெட்டி, பின்னால் மனைவி. பெட்டிக்குத்தான் சௌகரியமான இடம் கொடுத்திருந்தார். நேரே சிவகாசியில் வாங்கிய சரக்கு.

பெட்டியைப் பார்த்ததும் மாமனாருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சொல்லலையாம்மா?" என்று மகளைக் கேட்டார்.

"சொன்னேம்ப்பா. வெளையாட்டுக்குச் சொல்றேன்னு நெனச்சுட்டாரு."

மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டாயிற்று. பட்டு வேட்டி எடுத்தாயிற்று. வெடிதான் பாக்கி. "ஒரே ஒரு சரம் மாமா. மரியாதைக்கு. தலை தீபாவளிக்கு ஒரு சத்தம்கூட இல்லைன்னா எங்க ஊர்ல என்ன சொல்லுவாக?" என்றார்.

மாமனார் கையைப் பிசைந்தார். "மாப்பிள்ளை, வேற என்ன வேணுமோ கேளுங்க. கடன உடன வாங்கியாச்சும் செய்யிறேன். இது என் கையில இல்லை. ஊரைத்தான் கேக்கணும். ஊரு அதுககிட்டே கேக்கச் சொல்லும்" என்று கண்மாய்ப் பக்கம் கையைக் காட்டினார்.

மாப்பிள்ளை சாப்பிடாமல் படுத்துவிட்டார். உள்ளே அந்தப் பெண்ணின் விசும்பல். இந்த அழகில் என் பையன் ரகசியமாக என் காதில், "அப்பா, என் பையிலேயும் ஒரு பாக்கெட் லட்சுமி வெடி இருக்கு" என்றான். எனக்குப் பட்டாசு இல்லாமலேயே நெஞ்சுக்குள் வெடித்தது.

அன்று ராத்திரி பதினொன்றரைக்கு எனக்குத் தானாக விழிப்பு வந்தது, பழக்க தோஷம். தவளைச் சத்தம். கண்மாயில் எப்போதாவது ஒரு 'க்வாக்'. வக்கா டியூட்டியில் இருந்தது.

விடியற்காலை பையனும் நானும் பக்கத்து சீட்காரரோடு கரையில் நின்றோம். லேசான தூறல். பறவைகள் அப்போதுதான் சோம்பல் முறித்துக்கொண்டிருந்தன. பின்னாலிருந்து 'டுப் டுப்' என்று புல்லட் சத்தம். மாப்பிள்ளை! எண்ணெய் தேய்த்துக் குளிக்காமல், சொல்லாமல் கொள்ளாமல், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். தலை தீபாவளிக்குத் தனியாகத் திரும்பிப் போகிற மாப்பிள்ளை! அந்தக் குடும்பம் இனி ஊரில் எப்படித் தலை காட்டும்? பக்கத்து சீட்காரர் ஓடிப்போய் வழி மறித்தார். "மச்சான், வழியை விடுங்க." வண்டி அணைந்தது. மாப்பிள்ளை கோபத்தோடு உதைத்தார். ஒரு உதை. ரெண்டாவது உதை.

டமார்!

சைலன்ஸர்தான் வெடித்தது. அவ்வளவுதான், மொத்தக் கண்மாயும் எழுந்தது. வானமே அப்பிக்கொண்டது போல் இறக்கைகள். எங்கள் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றி வந்தன. கீழே மரங்கள் திடீரென்று வெறும் மரங்களாக நின்றன. கூடுகள் தெரிந்தன. எங்கேதான் இருந்தனவோ, நாலைந்து காக்கைகள் அந்த மரங்களில் இறங்கின. ஒன்று அலகில் வெளிறிய முட்டையோடு எங்களைத் தாண்டிப் பறந்து போனது.

யாரும் ஒன்றும் பேசவில்லை. மச்சான்காரர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. பறவைகள் ஒவ்வொன்றாக இறங்கி உட்கார வெகு நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் மாப்பிள்ளை புல்லட்டைப் பிடித்தபடி மழையில் நின்றார்.

பிறகு வண்டியைத் திருப்பினார். ஸ்டார்ட் செய்யவில்லை. அத்தனை கனமான புல்லட்டை, சிவகாசிப் பெட்டியோடு, சேற்றில் வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். பின்னாலிருந்து மச்சான் தள்ளினார். வாசலில் அப்பத்தா எண்ணெய்க் கிண்ணத்தோடு ஒன்றுமே நடக்காதது போல, "எங்கேய்யா போனீக? எண்ணெ ஆறிப் போச்சு" என்றார்.

வனத்துறைக்காரர்கள் வழக்கம் போல வீட்டுக்கு வீடு இனிப்பு கொடுத்தார்கள். பட்டாசு வெடிக்காத ஊருக்கு அவர்களின் தீபாவளிச் சீர் அது. மாப்பிள்ளை கையிலும் ஒரு பொட்டலம் கொடுத்தார்கள். அவர் வாங்கத் தயங்கினார். "வாங்கிக்குங்க மாப்பிள்ளை, நீங்களும் இனிமே இந்த ஊருதான்" என்றார் மாமனார்.

நீங்களும் போகலாம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல சமயம். மழை பொய்த்த வருஷம் பறவைகள் குறைச்சலாகத்தான் இருக்கும். "வராத வருஷமாச்சும் வெடிப்பீங்களா?" என்று கிளம்பும்போது கேட்டேன். "பொண்ணு இந்த வருஷம் வரலைங்கறதுக்காக வீட்டை வாடகைக்கு விட்டுருவோமா?" என்றார் அப்பத்தா.

மறுநாள் ராத்திரி மதுரை. பண்டிகை முடிந்தும் எங்கள் தெருவில் மிச்ச சொச்சம் தீர்ந்தபாடில்லை. பதினொன்றரைக்கு அணுகுண்டு. பையன் எழுந்து ஜன்னலுக்குப் போனான்.

"அப்பா, எதிர் வீட்டு வேப்ப மரத்துல அத்தனை காக்கா அடையுமே, அதெல்லாம் இப்போ எங்கேப்பா போகும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த லட்சுமி வெடி பாக்கெட் இன்னும் எங்கள் பீரோ மேலேயே இருக்கிறது.