பரணுக்கு ஏற்ற மரம்

சேலத்திலிருந்து விருத்தாசலம் போகும் ரயிலில் வந்து சின்னசேலத்தில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் மூட்டை முடிச்சுகளுடன் கடைத்தெருவை நோக்கி விரைந்துவிடுகிறார்கள். வடக்கே திரும்பிப் பார்ப்பவர் வெகு சிலரே. பார்த்தால், கல்வராயன் மலை வான விளிம்பில் நீலக் கோடாக நீண்டு கிடப்பது தெரியும்.

மார்கழி மாதத்தில் ஒரு நாள் அம்மலைக்குப் புறப்பட்டேன். கச்சிராயபாளையம் வரையில் சமவெளி; கரும்பும் நெல்லும் மரவள்ளியும். கோமுகி அணையை விட்டு அகன்றதும் பாதை வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது. வெள்ளிமலையை அடையும்போது காதில் குளிர் ஏறிவிட்டது.

இங்கே வாழும் ஜனங்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரள தேசத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர்கள் பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் தங்கள் முன்னோர் என்பது இவர்களுடைய வழக்கு. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் நெடுங்காலம் இருந்தது இம்மலை. தேசம் சுதந்திரம் பெற்றது 1947-இல். இம்மலை முழுவதும் அரசாங்கத்தின் வசம் வந்ததோ 1976-இல்! சுதந்திர தேவி ஏறுவதற்கு இம்மலைப் பாதை அத்தனை கடினமாக இருந்தது போலும்.

நான் தங்கிய வீட்டுப் பெரியவருக்கு வயது எண்பது இருக்கும். வாலிபத்தில், பட்டணத்திலிருந்து மான் வேட்டைக்கு வரும் கனவான்களுக்குப் பரண் கட்டிக் கொடுத்தவர். அந்த வித்தையைப் பற்றி விசாரித்தேன்.

"பரண் கட்டுவது பெரிதில்லை, சாமி. மரம் பார்ப்பதுதான் பெரிது" என்றார்.

முதலில் மரத்தைப் பார்க்கலாகாதாம். தரையைப் பார்க்க வேண்டும். பகலில் மான் படுத்திருக்கும் புதருக்கும், அந்தியில் அது மேயும் இடத்துக்கும் நடுவே ஒரு தடம் இருக்கும். புதிய குளம்படியும் ஈரம் உலராத புழுக்கையும் அதைக் காட்டிக் கொடுக்கும். நெல்லிக்காய் உதிரும் காலத்தில் தடம் ஒரு பக்கம். இலுப்பைப் பூ உதிரும் காலத்தில் வேறு பக்கம். தடம் தெரிந்த பிறகே மரம். அதுவும் தடத்தின் தலைக்கு மேலே கூடாது. இருபது முப்பது அடி விலகியிருக்க வேண்டும். உட்காருகிறவனுக்குப் பின்னால் பருத்த அடிமரமோ அடர்ந்த இலையோ இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வானத்தில் ஒட்டிய பொம்மை மாதிரி தெரிவான். மாமரத்தில் செவ்வெறும்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது உத்தமம். ஒரு கனவான் பார்க்காமல் ஏறி, மானுக்கு முன்னால் தாமே கீழே குதித்த கதையைச் சொல்லிப் பெரியவர் சிரித்தார்.

எல்லாவற்றுக்கும் மேலானது காற்று. மலையில் வெயில் ஏறினால் காற்றும் சரிவில் மேல்நோக்கி ஏறும். பொழுது சாய்ந்து குளிர்ந்ததும் கீழ்நோக்கி இறங்கும். ஆகையால் வெயில் ஏறிய காலையில் தடத்துக்கு மேற்புறமும், அந்தியில் கீழ்ப்புறமும் அமர வேண்டும். மனித வாடை மானின் மூக்கை எட்டிவிட்டால், அன்றைய வேட்டை முடிந்தது. மரத்துக்குப் போகும் வழியும் தடத்தை மிதிக்காமல் சுற்றிப் போக வேண்டும்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்த வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. நல்ல சட்டம், அது இல்லாவிட்டால் தடத்தில் தேடுவதற்குக் குளம்படியே மிஞ்சியிராது. ஆயினும், பெரியவரின் காட்டில் கேழ்வரகு முற்றியிருக்கிறது. ஓடைப் புதரில் பன்றிகள் இருக்கின்றன. 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் பயிரழிக்கும் காட்டுப்பன்றிகளைப் பற்றி ஓர் ஏற்பாடு செய்தது. காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் வனத்துறையார் சுடலாம். ஒரு கிலோமீட்டருக்குள் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. சமவெளி விவசாயிக்கு அது ஆறுதல். காட்டின் மடியிலேயே குடியிருப்பவனுக்கு என்ன பயன்? அவனுக்கு இன்றும் பரண்தான் கதி.

பரணும் நேற்று வந்ததல்ல. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் தினைப்புனத்தில் பரண்மேல் இருந்துதான் கிளி ஓட்டுகிறார்கள். இதணம் என்பது அதற்குப் பழைய பெயர். 1926-இல் ருத்ரப்பிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை ஜிம் கார்பெட் துரை மாமரத்தின் மேலிருந்து சுட்டது உலகப் பிரசித்தம். கிளி ஓட்டிய பெண்களின் பரணை உலகம் அவ்வளவாக அறியவில்லை.

அன்று மாலை பெரியவரோடு காட்டுக்குப் போனேன். ஓடையின் கீழ்ப்பக்கம் வளைவில் ஒரு நாவல் மரம் நின்றது. "துரைமார்களுக்கு இந்த மரத்தில்தான் கட்டுவேன்" என்று காட்டினார். அவருடைய பரண் அங்கே இல்லை. ஓடைக்கு மேலே, கேழ்வரகின் விளிம்பில், வெட்டவெளியில் நின்ற ஒரு வேங்கையில் இருந்தது.

"இங்கே இருந்தால் உங்கள் வாடையெல்லாம் நேரே ஓடைக்குப் போகுமே!" என்றேன், அன்று கற்ற பாடத்தைக் காட்டிக்கொள்ளும் ஆசையுடன்.

"போகட்டும் என்றுதானே இங்கே கட்டியிருக்கிறேன்" என்றார்.

எனக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று. வேடனுக்குக் கற்பித்த ஒவ்வொரு விதியையும் அவர் தலைகீழாகத் திருப்பி வைத்திருந்தார். வேடன் மறைவான், இவர் வானத்தை முதுகுக்கு வைத்து அமர்கிறார். பரணில் கிரீச்சிடும் காய்ந்த கழியை வேடன் தள்ளுவான். இவர் தேடிக் கட்டியிருக்கிறார். நாள் முழுதும் வேர்வையில் ஊறிய சட்டையை ஒரு கோலில் மாட்டி ஓடைப் பக்கம் நட்டிருந்தார்.

இரவு இரண்டு முறை ஓடைப் புதர் அசைந்தது. பெரியவர் தகரத்தைத் தட்டினார், அசைவு நின்றது. மூன்றாம் முறை தகரத்துக்கும் அது நிற்கவில்லை. காட்டின் மறு கோடியில் கதிர்கள் முறியும் ஓசை கேட்டது. பெரியவர் பந்தத்தை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினார். விடிந்ததும் பார்த்தோம்: ஒரு பாய் விரிக்கும் அளவு கேழ்வரகு சாய்ந்து கிடந்தது.

"பத்து நாளாக இந்த மரத்தில் இருக்கிறேன். என் வாடை அதற்குப் பழகிவிட்டது" என்று சொல்லி, பரண் கயிறுகளை அவிழ்க்க ஆரம்பித்தார். நான் கழிகளைச் சுமந்துகொண்டு அவர் பின்னால் மறு கோடிக்கு நடந்தேன். அங்கே அவர் மரத்தைப் பார்க்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.