எடை தூக்கியும் ஏறாத உடம்பு

தம்பலகாமத்துக்காரர்களுக்குப் பாரம் தூக்குவது புதிய வித்தை அன்று. திருகோணமலையிலிருந்து கந்தளாய்க்குப் போகும் வீதியில் 20 கிலோமீற்றருக்குச் சற்று மேல் சென்றால், கந்தளாய்க் குளத்து நீரை நம்பி விளையும் அந்த வயல்வெளி தொடங்கிவிடும். ஒரு புசல் நெல் ஏறக்குறைய 21 கிலோ. சணல் சாக்குப் புழங்கிய காலத்தில் மூன்று புசலை இட்டுத் தைத்த மூடை 60 கிலோவைத் தாண்டும். அதனை முதுகில் ஏற்றிக்கொண்டு, வரம்பு வழியே நடந்து, பலகையில் ஏறி லொறியில் அடுக்கியவர்களைச் சிறுவயதில் நான் பார்த்திருக்கிறேன். காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை அதே வேலை. அவர்களில் ஒருவர்கூடச் சலூன் சுவரில் தொங்கிய பயில்வான் படத்தைப்போல் இருந்ததில்லை. விலா எலும்பை எண்ணலாம். கைகள் முறுக்கிய கயிறு மாதிரி இருக்கும். அவ்வளவுதான்.

இந்த மனிதர்களை எனக்கு மீண்டும் நினைவூட்டியவன் என் தங்கையின் மகன். வயது 23. நகரத்தில் ஒரு கடையில் வேலை. வேலை முடிந்ததும் உடற்பயிற்சி நிலையம், அதன் பிறகு கடைசி பஸ். பதினான்கு மாதங்கள் விடாமல் போயிருக்கிறான். 54 கிலோவாக இருந்தவன் 56 கிலோ ஆகியிருக்கிறான்.

“மாமா, என்னோட ஒரே நாளில தொடங்கின பெடியன் இப்ப ரெண்டு மடங்கு. எனக்கு மட்டும் ஏன் இப்பிடி? அங்க எல்லாரும் நான் களவு செய்யிறன் எண்டு நினைக்கினம்” என்றான்.

களவு என்று அவன் சொன்னது, பயிற்சியில் செய்யும் ஏமாற்றை. குரல் தழதழத்தது. பிறகு, சம்பளத்தில் பெரும்பங்கைக் கொடுத்து வாங்கிய புரதமா டின்னைப் பற்றிச் சொன்னான். அதற்கும் பிறகு, தயங்கித் தயங்கி, அங்கே மூத்தவர் ஒருவர் “ஒரு கோர்ஸ் ஊசி போட்டால் சரி” என்று சொன்னதையும் சொன்னான். அதைக் கேட்டதும் வேறு வேலைகளை ஒதுக்கிவைத்துவிட்டு நூல்களையும் ஆய்வுக் கட்டுரைகளையும் புரட்டத் தொடங்கினேன். பத்திரிகைக்காரனுக்கு வேறென்ன தெரியும்?

முதலில் கண்ணில் பட்டது, அமெரிக்க ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஒரு கட்டுரை. 585 ஆண்களுக்கும் பெண்களுக்கும் 12 வாரங்கள் ஒரே வகையான கைப்பயிற்சி கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே ஒழுங்கு, ஒரே மேற்பார்வை. முடிவில் புயத்தசையின் பருமன் ஒருவருக்கு 59 சதவீதம் கூடியிருந்தது. இன்னொருவருக்கு 2 சதவீதம் குறைந்திருந்தது. மற்றவர்கள் எல்லாரும் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே. ஆக, என் மருமகனும் அவனுடைய நண்பனும் ஒரே நாளில் தொடங்கி வெவ்வேறு இடங்களில் வந்து நிற்பதில் வியப்பு ஒன்றும் இல்லை.

ஏன் இந்த வேறுபாடு? தசைநார் ஒவ்வொன்றின் மேலும் சின்னஞ்சிறு துணைக் கலங்கள் ஒட்டிக் கிடக்கின்றன. அலெக்சாண்டர் மௌரோ என்பவர் 1961இல் இவற்றை முதலில் விவரித்தார். பாரம் தூக்கித் தசை நோகும்போது இவை விழித்துப் பெருகி, தம் கருக்களைத் தசைநாருக்குக் கொடுக்கின்றன. அவ்வாறு புதிய கருக்கள் கிடைத்தால் தசை மேலும் பெருக்க இடம் உண்டு. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 66 பேர் 16 வாரங்கள் பயிற்சி செய்தனர். அவர்களுள் 17 பேருக்குத் தசைநார் மிக நன்றாகப் பெருத்தது. வேறு 17 பேருக்கு ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. நன்றாகப் பெருத்தவர்களிடம் இந்தத் துணைக் கலங்கள் தொடக்கத்திலேயே கூடுதலாக இருந்தன. பயிற்சியின்போது மேலும் பெருகின. பிறப்போடு வரும் முதல் எல்லாருக்கும் ஒரே அளவில் வருவதில்லை.

இதை அவனிடம் சொன்னபோது முகம் வாடிப்போயிற்று. “அப்ப எனக்கு வராதா?” என்றான். அவன் பயிற்சிக் குறிப்புகளை எழுதிவைக்கும் கொப்பியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். தொடக்கத்தில் 30 கிலோவைத் தோளில் வைத்து ஸ்குவாட் செய்தவன் இப்போது 80 கிலோவில் செய்கிறான். தன் நிறையையும்விட 24 கிலோ கூட! இதைச் சாதனையாக அவன் கருதவே இல்லை. கண்ணாடியில் தெரியவில்லையாம்.

பலம் வேறு, பருமன் வேறு. பயிற்சியின் முதல் வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்பின் வேலை. மூளை ஒரே நேரத்தில் கூடுதலான தசைநார்களை ஏவிவிடக் கற்றுக்கொள்கிறது. இது 1979 முதலே ஆய்வுகளில் பேசப்படும் சங்கதி. எங்கள் ஊர் மூடை தூக்கிகளின் இரகசியமும் பாதி இதுதான். மீதிப் பாதி, ஆண்டாண்டு காலமாக நாளெல்லாம் ஒரே சுமையைச் சுமந்ததில் வந்த தாங்குசக்தி. தசை பருக்க வேண்டுமானால் சுமை மெல்ல மெல்ல ஏறவேண்டும். உழைத்த உடலுக்கு உணவும் ஓய்வும் மிஞ்சவேண்டும். அவர்களுக்கு எங்கே மிஞ்சியது?

மருமகனின் விடயத்திலும் நான் சந்தேகப்பட்டது சாப்பாட்டுக் கோப்பையைத்தான். ஒரு கிழமைக்குத் தின்றதையெல்லாம் எழுதச் சொன்னேன். காலையில் ரொட்டியும் சம்பலும், மதியம் குவியலாகச் சோறு, பருப்பு, ஒரு துண்டு மீன், இரவில் பிட்டு. வயிறு நிறைந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் வேகவைத்த சோற்றில் 100 கிராமுக்குப் புரதம் 3 கிராமும் தேறாது. கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு 50 கிராமை எட்டவில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான கணிப்பின்படி, தசை வளர்க்க முயல்பவருக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 1.6 கிராம் புரதம் பயன்தரும். அவனுக்கு அது 90 கிராம். “டின்” இருக்கிறதே என்றால், தீர்ந்துவிடும் என்று அஞ்சி அரைக் கரண்டிதான் போட்டிருக்கிறான்.

தூக்கமும் ஐந்து மணிநேரம். நிற்கும்போதும் கால் ஆட்டிக்கொண்டே இருப்பான். வேடிக்கையாகச் சொல்லவில்லை. 1999இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் 16 பேருக்கு எட்டு வாரங்கள் தினமும் 1000 கலோரி மேலதிகமாக ஊட்டினார்கள். ஒருவருக்கு ஏறிய கொழுப்பு 4 கிலோவுக்கு மேல். இன்னொருவருக்கு அரைக் கிலோவும் இல்லை. ஏறாதவர்கள் தம்மை அறியாமலே அசைந்தும் நடந்தும் எரித்துவிட்டார்கள்.

இன்னும் பின்னால் போகலாம். இவன் பிறக்கும்போது இரண்டரைக் கிலோவுக்குக் குறைவு. இவன் தாய், 1990இல் போர் மீண்டும் மூண்டபோது இடம்பெயர்ந்து நிவாரண அரிசியில் வளர்ந்த பிள்ளை. குறைந்த நிறையில் பிறந்தவர்களுக்கு வளர்ந்த பின்னும் தசை சற்றுக் குறைவாகவே இருக்கும் போக்கு ஆய்வுகளில் தெரிகிறது. தெற்காசியர் பொதுவாகவே அப்படி. புனேயின் வைத்தியர் யாஞ்னிக்கும் லண்டன் பேராசிரியர் யட்கினும் உடற்திணிவுச் சுட்டியில் ஒரே அளவு, 22.3. ஆனால் உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஞ்னிக்குக்கு 21.2. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் படத்தோடு 2004இல் லான்செட் இதழில் எழுதினார்கள். போதாததற்கு, இவன் இருபது வயதை எட்டிய காலத்தில் 2022 நெருக்கடி வந்தது. அவ்வாண்டு செப்ரெம்பரில் இலங்கையில் உணவு விலை முந்திய ஆண்டைவிட 90 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தது. மறு ஆண்டு இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்தோம். அந்த வீட்டில் முதலில் நின்றது முட்டையும் பால்மாவும். இத்தனையும் சேர்ந்த உடம்பைத்தான் சோம்பேறி உடம்பு என்கிறார்கள்.

ஊசி விடயத்துக்கு வருகிறேன். 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 43 ஆண்கள் பங்குபற்றினர். சிலருக்குப் பத்து வாரங்கள் பெருமளவில் டெஸ்டோஸ்டெரோன் கொடுத்தார்கள். எடையே தூக்காமல் ஊசி மட்டும் போட்டவர்களுக்கு, ஊசியின்றி ஒழுங்காக எடை தூக்கியவர்களைவிடக் கொழுப்பற்ற நிறை கூட ஏறியிருந்தது. அப்படியானால் சுவரில் தொங்கும் பல படங்களோடு நம் பெடியன் நடத்தும் போட்டி எப்படிப்பட்டது என்று பாருங்கள். படங்களில் தெரியாதவை வேறு உண்டு. வெளியிலிருந்து ஹோர்மோன் வந்தால் உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்திக்கொள்ளும், விதைகள் சுருங்கும், பிள்ளைப்பேறு தடைப்படலாம். குருதியில் கொழுப்பு நிலை கெட்டு இதயம் பாதிக்கப்படும். வாயால் விழுங்கும் வகை ஈரலையும் கெடுக்கும். யார் அடைத்தார் என்று தெரியாத குப்பியில் என்ன இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இவற்றை அவனுக்கு ஒளிவுமறைவின்றிச் சொன்னேன். பிள்ளைப்பேறு என்ற இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

முதலில் வைத்தியசாலைக்கு அனுப்பிக் குருதிச் சீனி, தைரொயிட் இரண்டையும் பார்க்கச் சொன்னேன். நன்றாகத் தின்றும் நிறை ஏறாதவர்கள் இதைக் கடத்தக்கூடாது. பழுதில்லை என்று வந்தது. வாரத்தில் ஆறு நாள் போனவன் நான்கு நாளாகக் குறைத்து, பஸ்ஸில் போனைப் பார்ப்பதை விட்டுத் தூங்கினான். தங்கை பாசிப்பயறும் நெத்தலிக் கருவாடும் எருமைத் தயிரும் சேர்த்தாள். கையில் காசு இருக்கும் நாளில் மூன்று முட்டை.

ஐந்து மாதம் போய்விட்டது. சென்ற கிழமை கணக்கு அனுப்பியிருந்தான். நிறை 59 கிலோ 400 கிராம். ஸ்குவாட் 95 கிலோ. ஊசி போடவில்லை. புயத்தின் சுற்றளவில் கூடியது ஒரு சென்ரிமீற்றர்தான். அதில் அவனுக்கு இன்னும் மனக்குறை.