எண்ணூர் மணலில் நாமக்கல் கோழிகள்

நாமக்கல்காரன் கோழி பார்க்க எண்ணூர் வரை போவானா என்று வீட்டில் சிரித்தார்கள். எங்கள் ஊரில் கோடிக்கணக்கில் கோழிகள் உண்டு. பண்ணை முட்டைக் கோழி ஒன்று மண்ணில் நின்று மட்டும் நான் பார்த்ததில்லை.

விம்கோ நகரோடு மெட்ரோ முடிந்துவிடும். பிறகு ஷேர் ஆட்டோ. துறைமுகத்துக்காகக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகள், கருங்கல் கொட்டிய கடலோரம், தூரத்தில் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள். மீன் விற்கும் ஒரு ஆயாவின் வீட்டுப் பின்புறம் பழைய வலையால் அடைத்த மணல் திட்டு. அதில் எங்கள் ஊர் வெள்ளைக் கோழிகள் காலால் மண்ணைச் சீய்த்துக்கொண்டிருந்தன! கம்பிக் கூண்டுக்கு வெளியே அவற்றுக்கு இப்படியொரு நடை உண்டு என்பதே எனக்குப் புதுசு.

ஒன்றரை வயதுவாக்கில் முட்டை குறைந்ததும் பண்ணைக்காரர் கிலோ கணக்கில் விற்றுவிடுவார். அப்படிக் கறிக்கடைக்கு வந்தவற்றைக் குழம்புக்கு வாங்கப் போன ஆயா, வெட்ட மனசு வராமல் வளர்க்கிறார்.

"வந்த புதுசுல ஒண்ண ஒண்ணு கொத்திப் பிய்ச்சிக்கிச்சுங்கப்பா. முதுகெல்லாம் மொட்ட. ரத்தத்தப் பாத்துட்டா வுடாதுங்க" என்றார்.

இதைக் கோழிகளின் அதிகாரச் சண்டை என்று நினைப்பவர்கள் உண்டு. யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசையைப் பற்றி நார்வேக்காரர் ஷெல்டெருப்-எப்பே 1921-லேயே ஆராய்ந்து எழுதினார். அந்தக் கொத்து தலையில் விழும், சட்டென்று முடியும். இறகு பிடுங்குவது வேறு. காட்டுக்கோழி பகலின் பெரும்பகுதி தரையைக் கிளறி இரை தேடும்; கம்பித் தரையில் கிளற ஒன்றுமில்லாததால் அந்த அலகு பக்கத்துக் கோழியின் முதுகுக்குப் போகிறது. நெரிசலும், கூசும் வெளிச்சமும், தீவனத்தில் புரதக் குறைவும் அதைக் கூட்டும். ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் இடமாவது வேண்டும் என்கிறது 2023-ல் வந்த மத்திய அரசு விதி. அது ஒரு ஏ4 தாளைவிடச் சிறிய இடம். எங்கள் பக்கம் இறகு பிடுங்குவதற்குப் பழைய வைத்தியம், குஞ்சிலேயே மூக்கு வெட்டுவது. ஆயாவின் கோழிகளுக்கும் நுனி மழுங்கித்தான் இருந்தது.

அவர் வைத்தியமோ வேறு. தானியத்தைத் தட்டில் வைக்காமல் மணலில் இறைக்கிறார். முருங்கைக் கீரைக் கட்டை எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிடுகிறார். உப்பு போடாத பொடிமீனைக் காயவைத்து இடித்துத் தருகிறார். கருவாடு தந்தால் உப்பு கோழிக்கு ஆகாது. காயத்தில் மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் பூசினால் சிவப்பும் மறைகிறது, ஈயும் அண்டாது. மண் குளியலுக்குச் சாம்பல் போடலாமே என்றேன். மின்நிலையச் சாம்பல் படிந்த கழிமுகத்தைக் கைகாட்டி, "இந்த ஊர்ல சாம்பல நம்பக்கூடாது தம்பி" என்றார். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்ததிலிருந்து கோழிகளை அந்தப் பக்கம் விடுவதுமில்லை.

அமெரிக்காவில் ரத்தம் தெரியாமலிருக்கக் கோழிக் கண்ணுக்குச் சிவப்பு லென்ஸ் செய்து விற்றார்கள் என்று சொன்னேன்.

"இன்னாது, கண்ணுக்கா?" ஆயா நம்பவே இல்லை.

ஓரமாக ஒரு பஞ்சாரத்தில் ஒரே ஒரு கோழி. அடிபட்டதாக்கும் என்று குனிந்து பார்த்தால், இறகெல்லாம் முழுசாக இருந்தது. பிடுங்குகிறவள் இவள்தானாம். புது இறகு முளைக்கும்போது தண்டில் ரத்தம் ஓடும். அதைக் கண்டு மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். சில நாள் பிரித்து வைத்தால், திரும்பும்போது கூட்டத்தில் இவள் இடம் இறங்கியிருக்கும். இருட்டியபின் தூங்கும் கோழிகளுக்கு நடுவே சத்தமில்லாமல் சேர்த்துவிட வேண்டும் என்றார் ஆயா. பகலில் விட்டால் எல்லாம் சேர்ந்து இவளைப் பிய்த்துவிடுமாம்.