எந்தூருங்க... அங்கே யார் வீடுங்க?

கோயமுத்தூர்க்காரர் திட்டினால்கூட காதுக்கு இதமாக இருக்கும். "ஏனுங்க, கண்ணு தெரியுதுங்களா?" என்று 'ங்க' போட்டுத்தான் திட்டுவார். அந்த மரியாதைக்கு நடுவே இரண்டு கேள்விகள் வரும். முதலில், "எந்தூருங்க?" பதில் சொல்லி முடிப்பதற்குள், "அங்கே யார் வீடுங்க?" ஊர் தெரிந்து, வீடு தெரிந்து, கூட்டமும் (கொங்கு பக்கம் குலத்துக்கு அதுதான் பேர்) தெரிந்துவிட்டால் உடனே காபி வரும். தெரியாவிட்டாலும் காபி வரும். கொஞ்சம் லேட்டாக!

சென்னையிலும் பெங்களூரிலும் இந்த விசாரணை கிடையாது. எதிர் ஃப்ளாட்டில் எட்டு வருஷமாக இருப்பவரின் பெயரையே கூரியர் கவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். வெள்ளிக்கிழமை ராத்திரி ஆம்னி பஸ்ஸில் ஊர் திரும்பும் பையன்கள் விடுகிற பெருமூச்சு அதனால்தான். "பேசாம ஊர்ப் பக்கமே வந்துடலாம்டா!"

பெரியவர்கள் இந்தப் பெருமூச்சுக்காகவே காத்திருக்கிறார்கள். அவிநாசி பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர் ஒருவர் எனக்கே பாடம் எடுத்தார். "டவுன்ல காசு இருக்குதுங்க தம்பி. என்ன ஏதுன்னு கேக்க ஆளு இருக்குதுங்களா? எங்கூர்ல ஒருத்தன் விழுந்தா, தூக்கறதுக்குப் பத்து பேரு ஓடி வருவாங்க."

பழைய பஞ்சாங்கம் என்று தள்ளிவிட முடியாது ஸார். அமெரிக்காவில் ராபர்ட் நிஸ்பெட் என்ற பழமைவாத சமூகவியலாளர் 1953-ல் இதையே ஒரு புத்தகமாக எழுதினார். குடும்பம், சர்ச், அக்கம்பக்கம் போன்ற சின்னச் சின்ன பந்தங்கள் கழன்றுபோனால், தனியாக நிற்கும் மனுஷன் கடைசியில் சர்க்காரின் காலில்தான் போய் விழுவான் என்பது அவர் கட்சி.

கோவையின் அழகே அது முழுப் பட்டணமாக மாறாததுதான். 1981-ல் மாநகராட்சி ஆனது. 2011-ல் சுற்றுவட்டாரத்தை எல்லாம் சேர்த்துக்கொண்டதில் 72 வார்டு 100 வார்டானது. இன்றைக்கு ஐ.டி. கம்பெனிகள் நிற்கிற சரவணம்பட்டி அதுவரைக்கும் தனிப் பேரூராட்சி. போர்டுதான் மாறியது. 'எந்தூருங்க' அப்படியே இருக்கிறது.

பெரியவர் சொன்ன அந்தப் 'பத்து பேர்' பணமாக மாறுவதைப் பார்க்க வேண்டுமானால் திருப்பூருக்குப் போக வேண்டும். காதர்பேட்டையில் பனியன் வாங்குகிற நமக்கு விலை மட்டும்தான் தெரியும். அதற்குப் பின்னால் நூல், நிட்டிங், சாயம், கட்டிங், ஓவர்லாக், செக்கிங் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு யூனிட் இருக்கிறது. இத்தனைக்கும் முதல் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி சொந்தபந்தத்திடமிருந்து. காடு தோட்டத்தில் மிச்சம் பிடித்த காசு, மச்சான் கை மாறி மாமன் கைக்குப் போய் மெஷின் ஆனது. பத்திரம் இல்லை, வக்கீல் இல்லை. திருப்பிக் கொடுக்காதவன் அடுத்த முகூர்த்தத்தில் பந்தியில் உட்கார முடியாது. இதைவிட பெரிய ஜாமீன் எந்த பாங்கில் இருக்கிறது?

ஆனால் அந்த லெட்ஜருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அபிஜித் பானர்ஜியும் (2019-ல் பொருளாதார நோபல் வாங்கியவர்) கைவான் முன்ஷியும் திருப்பூர் பனியன் கம்பெனிகளை ஆராய்ந்து 2004-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கவுண்டர் சமூகத்துக்காரர்கள் பெரிய முதலோடு தொழில் ஆரம்பித்தார்கள். வெளியாட்கள் சின்னதாக ஆரம்பித்தார்கள். சில வருஷங்களில் வெளியாட்கள் உற்பத்தியில் முந்திவிட்டார்கள். அப்போதும் மெஷினில் முடங்கிய முதல் உள்ளூர்க்காரரிடம்தான் அதிகம்! பி.காம். பாஷையில் சொன்னால், பணம் திறமையைத் தேடிப் போகவில்லை, தெரிந்த முகத்தைத் தேடிப் போனது. "அங்கே யார் வீடுங்க?" என்ற கேள்விக்கு வட்டி விகிதமும் உண்டு!

இது வெறும் காசுக் கணக்கு. இதைவிடக் கசப்பான கணக்கு, ஈரோடு தாண்டினால் வரும் திருச்செங்கோட்டில் இருக்கிறது. கடன் வாங்கினவனைக் கவனிக்கிற ஊர்க் கண், கடன் வாங்காதவனையும் கவனிக்கும். 2015 ஜூன் 23 அன்று அர்த்தநாரீஸ்வரர் கோயிலில், கூடப் படித்த வேறு சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார் ஒரு தலித் இன்ஜினீயரிங் இளைஞர். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். 2022-ல் கோர்ட் குற்றவாளிகளுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. விழுந்தால் தூக்குவதற்கு ஓடி வரும் பத்து பேர், எல்லாருக்கும் ஓடி வருவதில்லை.

காந்திக்குக் கிராமம்தான் தேசத்தின் உயிர். அம்பேத்கர் 1948 நவம்பர் 4-ம் தேதி அரசியல் நிர்ணய சபையில் நேர் எதிராகப் பேசினார். குறுகிய புத்தியும் அறியாமையும் குடியிருக்கும் இடம் என்று கிராமத்தைச் சாடினார். இருவரும் ஒரே கிராமத்தைத்தான் பார்த்தார்கள். ஒருவர் ஊருக்குள்ளிருந்து, இன்னொருவர் சேரியிலிருந்து.

அப்படியானால் சின்ன ஊர் என்றாலே வம்புதானா? இல்லை. கோவைக்குத் திரும்பி மேட்டுப்பாளையம் பஸ் பிடித்தால், ஓடந்துறை பஞ்சாயத்து. 2006-ல் இவர்கள் சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை போட்டார்கள். செலவு சுமார் ஒன்றரைக் கோடி. பஞ்சாயத்தின் சேமிப்பு கொஞ்சம், பாக்கி பாங்க் கடன். தெருவிளக்குக்கும் குடிதண்ணீர் மோட்டாருக்கும் போக மிச்ச கரண்டை மின்வாரியத்துக்கு விற்றார்கள். இதுவும் சின்ன ஊர்தான், ஒருவரையொருவர் தெரிந்த ஊர்தான். ஆனால் இங்கே சேருவதற்குக் கூட்டம் தேவையில்லை, குடியிருந்தால் போதும். தெருவிளக்கு யார் வீடு என்று கேட்டுக்கொண்டா எரிகிறது?

ஆகவே, ராஜினாமா லெட்டரை டிராஃப்ட் பண்ணி வைத்திருக்கும் ஆபீஸ் நண்பர்களே, தாராளமாக ஊர் திரும்புங்கள். பேச்சுத் துணையும், நல்ல காற்றும், அவசரத்துக்குக் கைமாற்றும் பட்டணத்தில் சுலபத்தில் கிடைக்காது. ஒன்று மட்டும் செய்யுங்கள். "எங்கூர்ல எல்லாரும் ஒண்ணுக்குள்ள ஒண்ணுங்க" என்று யாராவது சொன்னால், "எல்லாரும்னா, யார் யாருங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஊர்க்கோடி வீடுகளும் அந்த லிஸ்ட்டில் இருந்தால் உடனே பெட்டியைக் கட்டலாம். இல்லாவிட்டால், லிஸ்ட்டை நீட்டுவதற்கு அங்கே நாலு படித்த பையன்கள் தேவை. அதற்காகவும் திரும்பலாமுங்க!