கொடிக்கு முன் இரண்டு சிறுமிகள்



இங்கே அமெரிக்காவில் பெரும்பாலான பள்ளிகளில் கொடி உறுதிமொழியோடுதான் காலை தொடங்குகிறது. பிள்ளைகள் எழுந்து, வலது கையை நெஞ்சில் வைத்துச் சொல்வார்கள். என் மகளின் வகுப்பில் ஒரு பையன் மட்டும் எழுவதில்லையாம். "மிஸ் திட்ட மாட்டாங்களா?" என்றேன். "திட்டக் கூடாதுப்பா. அது அவனோட உரிமை" என்றாள்.

ஏழாம் வகுப்பில் அவளுக்குக் குடிமையியல் பாடம் இருக்கிறது. பிரதிநிதிகள் சபைக்கு 435 பேர், செனட்டுக்கு 100 பேர், உச்ச நீதிமன்றத்துக்கு 9 நீதிபதிகள். பரீட்சைக்கு இது போதும். ஆனால் அந்தப் பையன் நிம்மதியாக உட்கார்ந்திருப்பதற்குக் காரணமான வழக்கைப் படித்தால்தான் இந்த எண்களுக்கு உயிர் வரும்.

1935இல் பென்சில்வேனியாவின் மைனர்ஸ்வில் ஊரில் லிலியன், வில்லியம் என்ற அக்காவும் தம்பியும் கொடியை வணங்க மறுத்தார்கள். அவர்கள் யெகோவாவின் சாட்சிகள். கடவுளைத் தவிர எதையும் வணங்குவதில்லை. பள்ளி இருவரையும் வெளியேற்றியது. 1940இல் உச்ச நீதிமன்றமும் 8க்கு 1 என்ற கணக்கில் பள்ளியின் பக்கமே நின்றது. நாட்டு ஒற்றுமை பெரிது என்று தீர்ப்பு எழுதியவர் பிராங்க்பர்ட்டர். ஸ்டோன் ஒருவர்தான் மாறுபட்டார். அதன்பின் பல ஊர்களில் அந்த மதத்தாரைக் கும்பல்கள் தாக்கின. நீதிமன்றம் கைவிட்டவர்களைத் தெருவும் விட்டுவைக்காது என்பதை அந்த ஆண்டு காட்டியது.

பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்த அடுத்த மாதமே, மேற்கு வர்ஜீனியா மாநிலக் கல்வி வாரியம் கொடி வணக்கத்தைக் கட்டாயமாக்கியது. அதே மதத்தைச் சேர்ந்த மேரி, கேத்தி பார்னெட் என்ற இரு சகோதரிகள் மறுத்தார்கள். பள்ளிக் கதவு அடைபட்டது. அப்படி வெளியேற்றப்பட்ட பிள்ளையின் பெற்றோருக்கு 50 டாலர் வரை அபராதமும் 30 நாள் வரை சிறையும் விதிக்கலாம் என்றது சட்டம்.

1943 ஜூன் 14, கொடி நாள். உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே உச்ச நீதிமன்றம் தன் பழைய தீர்ப்பை 6க்கு 3 எனப் புரட்டிப்போட்டது. எதை நம்ப வேண்டும் என்று குடிமக்களுக்குக் கட்டளையிட எந்த அதிகாரிக்கும் உரிமையில்லை, அடிப்படை உரிமைகள் ஓட்டுக்கு விடும் விஷயமல்ல என்ற பொருளில் எழுதினார் நீதிபதி ஜாக்சன்.

இதற்குள் முழுப் பாடமும் இருக்கிறது. பேச்சுரிமையையும் மத உரிமையையும் காக்கும் 1791இன் முதல் அரசியல் சட்டத் திருத்தம், நாடாளுமன்றமான காங்கிரசின் கையை மட்டுமே கட்டியது. உள்நாட்டுப் போருக்குப் பின் 1868இல் வந்த பதினான்காம் திருத்தம்தான் மாநிலங்களையும் கட்டியது. அது இல்லாவிட்டால் ஒரு மாநிலக் கல்வி வாரியத்தை அந்தச் சிறுமிகள் எதிர்த்து வென்றிருக்க முடியாது. நீதிபதிகளை அதிபர் முன்மொழிகிறார், செனட் ஏற்கிறது. அதன்பின் ஆயுள் முழுக்கப் பதவி. அடுத்த தேர்தலைப் பற்றிய பயம் அவர்களுக்கு இல்லை. 1943 தீர்ப்பின்போது இருந்த நீதிபதிகளில் இருவர் 1940க்குப் பின் புதிதாக வந்தவர்கள். பழையவர்களில் பிளாக், டக்ளஸ், மர்பி மூவரும் 1940இல் தாங்கள் ஏற்ற தீர்ப்பு தவறு என்று 1942இலேயே வேறொரு வழக்கில் எழுதிவிட்டார்கள். ஸ்டோனோடு ஆறு பேர். இந்தக் கூட்டலை எல்லாப் பிள்ளைகளும் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அரசியல் சட்டம் தானாகப் பேசுவதில்லை. படித்து, யோசித்து, மனம் மாறத் துணிந்தவர்கள்தான் அதைப் பேச வைத்தார்கள்.

நம் நாட்டுப் பாடத்திலும் இதற்கு இடமுண்டு. 1985இல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகளான மூன்று பிள்ளைகள், தேசிய கீதத்துக்கு மரியாதையோடு எழுந்து நின்றும் பாடாததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். கேரள உயர் நீதிமன்றம் கைவிரித்தது. 1986இல் நீதிபதி சின்னப்ப ரெட்டி எழுதிய உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இந்த அமெரிக்க வழக்குகளையும் எடுத்துப் பேசி, அந்த மூவரையும் மீண்டும் பள்ளியில் சேர்க்கச் சொன்னது.